அந்த ஐந்தாவது வட்டம்

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 26 வயது. டிகிரி முடித்துவிட்டு இரண்டு வருடமாக டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கிறேன். ஆறு மாதமாக ஏஐ செயலியிடம் கேட்டுக் கேட்டு நான்கு நோட்டு நிறையக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். போன மாதம் கோச்சிங் சென்டரில், 'உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே' எந்த நூலில் வருகிறது என்று சார் கேட்டார். மணிமேகலை என்றேன். என் நோட்டில் அப்படித்தான் இருந்தது. 'புறநானூறு, போய் ஒழுங்காப் படி' என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து ஏஐயிடம் 'புறநானூறுதானே?' என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஆமாம், புறநானூறு என்றது. மறுநாள் சும்மா 'மணிமேகலைதானே?' என்றேன். அதற்கும் ஒரு மன்னிப்பு, அதற்கும் ஆமாம். அதே வாரம் என் தம்பி பள்ளிப் பேச்சுப் போட்டியில் அது கொடுத்த குறள் ஒன்றைச் சொல்லியிருக்கிறான். அப்படி ஒரு குறளே கிடையாது என்று தமிழாசிரியை சொன்னாராம். இப்போது எதைப் படித்தாலும் சந்தேகமாக இருக்கிறது. பாடப்புத்தகத்தில் படித்ததை ஏஐயிடம் சரிபார்க்கிறேன், ஏஐ சொன்னதை யூடியூபில் தேடுகிறேன். அப்பா இன்னொரு பக்கம். டிவியில் வெள்ளத்தைக் காட்டினால்கூட 'எல்லாம் ஏஐ' என்று சேனலை மாற்றிவிடுகிறார். நான்கு நோட்டையும் தூக்கிப் போட்டுவிடவா? யாரைத்தான் நம்புவது?

பதில் (பொது நூலகத்தில் 27 ஆண்டுகளாக நூலகராக இருப்பவர்):

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த 'உண்டி' கணக்கைத் தீர்த்துவிடுவோம். நீங்கள் சொன்னதும் சரி, உங்கள் சார் சொன்னதும் சரி. அந்த அடி இரண்டு நூலிலும் இருக்கிறது. புறநானூற்றில் 18ஆம் பாட்டு, குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குச் சொன்னது. அங்கே இந்த அடிக்கு முன்னால் நிற்பது 'நீரின்று அமையா யாக்கைக்கு எல்லாம்'. சோறு வேண்டுமென்றால் நிலத்தோடு நீர் வேண்டும், ஆகவே நீர்நிலைகளைக் கட்டு என்று அரசனுக்குச் சொல்லும் புத்திமதி அது. மணிமேகலையில் பாத்திரம் பெற்ற காதையில் இதே அடி வருகிறது. அங்கே முன்னால் நிற்பது 'மண்திணி ஞாலத்து வாழ்வோர்க்கு எல்லாம்'. அங்கே பேச்சு ஏரியைப் பற்றியது இல்லை, பசியைப் பற்றியது. முந்தைய அடியைத் தெரிந்துகொண்டால் இனி எந்த வினாத்தாளிலும் இதில் மாட்ட மாட்டீர்கள். சாருக்கும் இதைச் சொல்லுங்கள், ஆனால் நோட்டைக் காட்டி இல்லை, இரண்டு புத்தகத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். கோபப்பட மாட்டார் என்று நினைக்கிறேன்.

இப்போது ஏஐயின் நடத்தையைப் பாருங்கள். மணிமேகலை என்றபோதும் அது சொன்னது தப்பில்லை, புறநானூறு என்றபோதும் தப்பில்லை. ஆனாலும் இரண்டு முறையும் மன்னிப்புக் கேட்டிருக்கிறது! விஷயம் தெரிந்த ஆளாக இருந்தால் 'அது ரெண்டுலயும் இருக்கும்மா' என்று ஒரே வரியில் முடித்திருப்பார். இது உங்கள் கேள்வியின் தொனியைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறது. விடை சரியாக இருந்தும் நம்பத் தகுதியில்லாமல் போவது என்பது இதுதான். உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டதும் இந்த இடம்தான். தம்பியின் குறள் விவகாரம் இதற்கு அடுத்ததுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் குறிப்புதவிப் பிரிவுக்குத் தினமும் ஒரு முதியவர் வருவார், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சங்கப் பாட்டில் எதைக் கேட்டாலும் மனப்பாடமாகச் சொல்லக் கூடியவர். ஆனால் யாராவது வந்து கேட்டால் 'இரு, பாத்துச் சொல்றேன்' என்று அலமாரிக்கு எழுந்து போவார். தெரிந்ததற்கு ஏன் ஐயா எழுந்து போகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். 'எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாதே' என்றார். கேட்டவனுக்கு விடை மட்டும் போதாது, அது எங்கே இருக்கிறது என்ற வழியையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்பது அவர் கணக்கு. அப்போது எனக்கு அது வயதானவரின் பிடிவாதமாகத் தோன்றியது.

சரி, ஏஐ ஏன் இப்படிச் செய்கிறது? உங்களுக்குத் தெரிந்த உதாரணத்திலேயே சொல்கிறேன். டிஎன்பிஎஸ்சி ஓஎம்ஆர் தாளில் 2020லிருந்து ஐந்தாவதாக ஒரு வட்டம் இருக்கிறதல்லவா, 'விடை தெரியவில்லை' என்று? நெகட்டிவ் மார்க் கிடையாது. அதனால் தெரியாத கேள்விக்கு நாலில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் நிரப்புகிறவர்கள்தான் அதிகம், அந்த ஐந்தாவது வட்டத்துக்குப் போகிறவர்கள் குறைவு. நீங்களும் அப்படித்தான் செய்வீர்கள், அதில் தப்பில்லை. ஏஐ மாதிரிகளும் அப்படிப்பட்ட தேர்வறையில் வளர்ந்தவைதான். ஓபன்ஏஐ நிறுவனத்தின் ஆய்வாளர்களே 2025 செப்டம்பரில் வெளியிட்ட கட்டுரையில் கிட்டத்தட்ட இதையே சொல்கிறார்கள்: இந்த மாதிரிகளை மதிப்பிடும் தேர்வுகளில் 'தெரியாது' என்ற பதிலுக்கு மதிப்பெண் இல்லை, ஊகித்துச் சொன்னால் கிடைக்க வாய்ப்பு உண்டு, ஆகவே அவை ஊகிக்கப் பழகுகின்றன.

அடிப்படையில் அது செய்வது, இதுவரை வந்த சொற்களுக்குப் பின்னால் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணிப்பது. 'புறநானூறு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு புலவர் பெயரும் ஒரு எண்ணும் வரும் என்று அதற்குத் தெரியும். எந்தப் புலவர், எந்த எண் என்பது பலமுறை படித்த பாட்டாக இருந்தால் சரியாக விழும். 'யாதும் ஊரே'வில் தடுமாறுவது அபூர்வம். அதிகம் பேசப்படாத பாட்டுக்கு வந்தால், அந்த இடத்துக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு பெயரை வைத்துவிடும். நம் மொழிக்கு இதில் கூடுதல் கஷ்டம் உண்டு. இணையத்தில் இருக்கும் எழுத்தில் தமிழின் பங்கு ஒரு சதவீதம்கூடக் கிடையாது. அதிலும் பழைய பிடிஎஃப்கள் பலவற்றில் யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருக்கள்தான். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், நகலெடுத்து ஒட்டினால் புழு ஊர்ந்த மாதிரி ஏதோ வரும். அவற்றையெல்லாம் இந்த இயந்திரங்கள் எவ்வளவு ஒழுங்காகப் படித்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஏஐ சொன்னதை அதனிடமே 'நிஜமா?' என்று கேட்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். இதில் உங்களைவிடப் பெரிய ஆட்களே மாட்டியிருக்கிறார்கள். நியூயார்க்கில் ஏவியாங்கா விமான நிறுவனத்தின் மேல் ஒரு பயணி போட்ட வழக்கு, பரிமாறும் தள்ளுவண்டி முழங்காலில் இடித்துவிட்டது என்று. அவருடைய வழக்கறிஞர்கள் 2023இல் தாக்கல் செய்த மனுவில் முன்தீர்ப்புகள் சிலவற்றைக் காட்டியிருந்தார்கள். எதிர்த்தரப்பு தேடிப் பார்க்கிறது, பல அகப்படவில்லை. அவை சாட்ஜிபிடி இட்டுக்கட்டியவை. இதில் கவனிக்க வேண்டியது, அந்த வழக்கறிஞர் சரிபார்க்காமல் இல்லை. இந்த வழக்கு நிஜமானதுதானா என்று சாட்ஜிபிடியிடமே கேட்டிருக்கிறார். நிஜம்தான், பெரிய சட்டத் தரவுத்தளங்களில் கிடைக்கும் என்று அது பதில் சொல்லியிருக்கிறது. நீதிபதி கெவின் காஸ்டல் 5,000 டாலர் அபராதம் போட்டார். சந்தேகப்பட்டது சரிதான். கேட்ட இடம்தான் தப்பு.

தம்பியின் குறளுக்கு வருவோம். அவனைத் திட்டாதீர்கள், பாவம். இல்லாத பாட்டைச் செய்து பெரியவர் பெயரில் ஏற்றிவிடுவது நம்மிடம் பழைய வியாபாரம். கம்பராமாயணத்தில் பிறர் எழுதிச் செருகியவற்றுக்கு 'வெள்ளி பாடல்' என்று தனிப்பெயரே இருக்கிறது. வெள்ளியம்பலத் தம்பிரான் என்பவரால் வந்த பெயர் என்பார்கள். ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டு அச்சில் கொண்டுவந்தவர்கள் அப்படிப்பட்ட பாட்டுகளைப் பிரித்து, 'மிகைப்பாடல்கள்' என்று தனியாக வைத்தார்கள். ஏட்டுக்கு ஏடு சொல் மாறுகிற பாடபேதங்களையும் மறைக்காமல் அடிக்குறிப்பில் போட்டார்கள். ஒரு வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். கம்பன் பாட்டோடு பாட்டாக ஒட்டி நிற்கிற மாதிரி ஒரு விருத்தம் எழுத வேண்டுமென்றால் அந்தச் செருகல்காரருக்கே நல்ல புலமை இருந்தாக வேண்டும். பொய் சொல்லவும் உழைக்க வேண்டியிருந்தது. நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்றால் எழுதியவருக்கு விஷயம் தெரியும் என்று நாம் இத்தனை காலம் எடுத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம். பெரும்பாலும் அது ஏமாற்றவும் இல்லை. இப்போது அந்தச் செலவு போய்விட்டது. எழுத்தின் அழகை வைத்து எடை போடும் பழக்கம் மட்டும் நம்மிடம் இன்னும் போகவில்லை.

குறளைச் சோதிக்க நூலகத்துக்குக்கூட வர வேண்டாம். அதிகாரத்துக்குப் பத்து, 133 அதிகாரம், 1330 குறள். குறள் எண்ணின் கடைசி இலக்கத்தை எடுத்துவிட்டு, மிச்சத்தோடு ஒன்றைக் கூட்டினால் அதிகார எண் வந்துவிடும். 423 என்றால் 42, ஒன்று கூட்ட 43, அறிவுடைமை. பூஜ்யத்தில் முடிந்தால் கூட்ட வேண்டாம்: 400 என்றால் 40, கல்வி. ஏஐ சொன்ன எண்ணும் அதிகாரமும் இந்தக் கணக்கில் ஒட்டவில்லை என்றால் அங்கேயே பிடிபட்டுவிடும். ஒட்டினாலும் புத்தகத்தைத் திறந்து அந்த எண்ணில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடச் சொல்லுங்கள். எண் இல்லையென்றால் பின்பக்கத்தில் பாட்டு முதற்குறிப்பு அகராதி இருக்கும், முதல் சொல்லை வைத்துத் தேடலாம். பாட்டின் நடுவில் வரும் அடி என்றால், எந்தச் சொல் எங்கே வருகிறது என்று காட்டும் சொல்லடைவு வேண்டும். எங்களிடம் கேளுங்கள், எடுத்துத் தருவோம்.

பாடப்புத்தகத்தை ஏஐயிடம் சரிபார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் கொஞ்சம் பதறிவிட்டேன். பாடப்புத்தகத்தில் தப்பே வராது என்று சொல்ல மாட்டேன். 2018இல் அச்சான புத்தகத்தில் தமிழ்நாட்டுக்கு 32 மாவட்டம் என்றுதான் இருக்கும். 2019இல் ஐந்து சேர்ந்தன, 2020இல் மயிலாடுதுறையோடு 38 ஆகிவிட்டது. ஆனால் அந்தப் புத்தகத்தின் முன்பக்கத்தைத் திருப்பினால் பதிப்பு ஆண்டு இருக்கிறது, எழுதியவர்கள் பெயர் இருக்கிறது, யார் வெளியிட்டார்கள் என்று இருக்கிறது. 'ஓ, இது பழைய பதிப்பு' என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம். அச்சில் வந்த தப்பு வந்த இடத்திலேயே நிற்கும். நீங்கள் பார்க்கும் 32ஐத்தான் நானும் பார்ப்பேன், உங்கள் சாரும் பார்ப்பார். யாராவது ஒருவர் கடிதம் போட்டால் அடுத்த பதிப்பில் திருத்துவார்கள். தேர்வாணையமே உத்தேச விடைகளை வெளியிட்டு, தப்பென்றால் ஆதாரத்தோடு முறையிடுங்கள் என்கிறது அல்லவா, அதுவும் இதே ஏற்பாடுதான். ஏஐ சொன்ன தப்பு உங்கள் போனில், உங்களுக்கு மட்டும், அந்த நேரத்துக்கு வந்துபோனது. மறுபடி கேட்டால் வேறு விடை. எந்தத் தேதிச் செய்தி என்றும் இல்லை, யாரைக் கேட்பது என்றும் இல்லை. சாரிடம் காட்டுவதற்குக்கூட அது இருந்த இடத்தில் இல்லை. எந்தத் தகவலையும் நான் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன்: இது தப்பென்றால் நான் யாரிடம் போய், எந்தப் பக்கத்தைக் காட்டுவேன்?

ஏஐ இப்போது இணையதளச் சுட்டிகளையும் சேர்த்துத் தருகிறதே என்பீர்கள். நல்லதுதான், ஆனால் சொடுக்கிப் பாருங்கள். சுட்டி இருக்கும், அந்தப் பக்கத்தில் அந்தச் செய்தி இருக்காது. இருந்தாலும், அந்தப் பக்கத்தையே இன்னொரு ஏஐ எழுதியிருக்கலாம். இப்படிச் சுற்றிச் சுற்றி ஒரு பிழை எப்படி ஆதாரமாகிவிடும் என்பதற்கு ஒரு வேடிக்கையான கதை உண்டு. 1950களில் வந்த ஒரு நுண்ணுயிரியல் கட்டுரை, செய்தித்தாள் மாதிரி பக்கத்துக்கு இடமும் வலமுமாக இரண்டு பத்தி. பிற்காலத்தில் ஸ்கேன் செய்தபோது இயந்திரம் நேர்க்கோட்டில் படித்துவிட்டது. இடது பத்தியில் இருந்த 'வெஜிடேட்டிவ்' என்ற சொல்லும் வலது பத்தியில் இருந்த 'எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பி'யும் ஒட்டிக்கொண்டன. அப்படி ஒரு கருவியோ முறையோ உலகத்திலேயே கிடையாது. ஆனால் பல வருடம் கழித்து இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளில் அந்தச் சொல் புழங்கியது. பாரசீக மொழிபெயர்ப்பில் வந்த எழுத்துக் குழப்பமும் அதற்குத் துணைபோனது என்கிறார்கள். பிறகு ஏஐ மாதிரிகளும் அதைப் படித்து, தாங்களும் எழுத ஆரம்பித்தன. ஓலை எழுதிய நம் ஊர் ஆட்கள் செய்த ஏடுபெயர்ப்புப் பிழைக்கு இது ஒன்றுவிட்ட தம்பி.

எங்கள் நூலகத்துக்கும் இந்த வாடை வந்துவிட்டது. சென்ற வருடம் ஓர் ஆய்வு மாணவர் எட்டுப் புத்தகப் பட்டியலோடு வந்தார். எழுத்தாளர்கள் எல்லாம் நிஜம், பதிப்பகங்களும் நிஜம். ஐந்து புத்தகம் மட்டும் எங்கள் பட்டியலில் இல்லை. கன்னிமாராவில் இருக்கும் நண்பருக்குப் போன் போட்டேன். இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி போய்ச் சேரவேண்டிய நான்கு நூலகங்களில் அது ஒன்று. அங்கேயும் இல்லை. அரை நாள் தேடிய பிறகுதான் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றியது. அதற்குள் அந்தத் தம்பி 'என்ன மேடம், பெரிய லைப்ரரின்னு பேரு, ஒண்ணும் வெச்சுக்க மாட்டீங்களா' என்று சலித்துக்கொண்டார். அவருக்குப் பட்டியல் மேல் சந்தேகம் வரவே இல்லை, அலமாரி மேல்தான் வந்தது! அமெரிக்காவில் இதே கதை செய்தித்தாளிலேயே அச்சாகிவிட்டது. 2025 மே மாதம் சிகாகோ சன்-டைம்ஸ் இணைப்பில் கோடை வாசிப்புக்கென்று 15 நூல்களைப் பரிந்துரைத்தார்கள். அதில் பத்து புத்தகங்களை எவரும் எழுதவே இல்லை. புகழ்பெற்ற நாவலாசிரியர் இசபெல் அயெண்டே பெயரில்கூட ஒரு நாவலைப் போட்டிருந்தார்கள்.

சரி, நோட்டுகள். தூக்கிப் போடாதீர்கள். ஆறு மாத உழைப்பு, உங்கள் கையெழுத்து. ஒரு பென்சிலும் சமச்சீர்ப் பாடப்புத்தகங்களும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் ஓரத்தில் வகுப்பு, பக்க எண் எழுதுங்கள். முதலில் பெயர், ஆண்டு, எண், மேற்கோள் அடி, சட்டப் பிரிவு ஆகியவற்றைப் பாருங்கள், அதிகம் சறுக்குவது அவற்றில்தான். விளக்கமாக எழுதியவற்றை அப்புறம் பார்க்கலாம். பக்கம் கிடைக்காத குறிப்புக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள். கேள்விக்குறிகள் சேர்ந்ததும் ஒருநாள் நூலகத்துக்கு எடுத்து வாருங்கள். பழைய நூல்களுக்கு மதுரைத் திட்டம் என்ற இணையதளமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும் வீட்டிலிருந்தே கிடைக்கும். நாலு நோட்டுக்கு மூன்று வாரம் ஆகலாம். அந்த மூன்று வாரமும் நீங்கள் படித்துக்கொண்டுதான் இருப்பீர்கள், நேரம் வீணாகாது.

ஏஐயை மொபைலிலிருந்து நீக்கவும் சொல்ல மாட்டேன். நானே பயன்படுத்துகிறேன், வேறு வேலைக்கு. பாடப்பகுதியை நீங்களே அதற்குக் கொடுத்து, இதிலிருந்து இருபது கேள்வி கேள் என்று சொல்லுங்கள். சலிக்காமல் கேட்கும், நள்ளிரவிலும் கேட்கும். விடையை மட்டும் நீங்கள் புத்தகத்தில் பாருங்கள். புரியாத பொருளாதாரப் பத்தியை எளிமையாகச் சொல் என்று கேட்கலாம், பத்தி உங்கள் கண்முன்னால் இருக்கும்வரை. நடப்பு நிகழ்வுகளுக்கு மட்டும் அதன் பக்கமே போகாதீர்கள். அதன் படிப்பு எந்த மாதத்தோடு நின்றது என்று அதற்கே தெளிவாகத் தெரியாது. தினமும் ஒரு செய்தித்தாள் போதும், எங்கள் வாசிப்பறையில் காலையிலேயே வந்துவிடும்.

அப்பா விஷயம்தான் எனக்கு உங்கள் நோட்டைவிடக் கவலை. பொய்யை நம்புகிறவரைக் கூட ஒரு புத்தகத்தைக் காட்டித் திருப்பிவிடலாம். எல்லாமே பொய் என்று முடிவுகட்டியவரிடம் எதைக் காட்டுவது? ராபர்ட் செஸ்னி, டேனியல் சிட்ரன் என்ற இரண்டு அமெரிக்கச் சட்டப் பேராசிரியர்கள் சாட்ஜிபிடி வருவதற்குச் சில வருடம் முன்பே இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள், பொய்யனுக்குக் கிடைக்கும் ஆதாயம் என்ற பொருளில். போலி வீடியோக்கள் பெருகப் பெருக, நிஜ வீடியோவில் மாட்டியவனும் 'அது ஏஐ' என்று கையை உதறிவிட்டுப் போகலாம். அப்பாவோடு வாதாடாதீர்கள். அடுத்த முறை வெள்ளம் காட்டினால் அது எந்த ஊர் என்று கேளுங்கள். அந்த ஊரிலோ பக்கத்திலோ சொந்தக்காரர் யாராவது இல்லாமல் இருக்க மாட்டார்கள், நம் ஆட்கள் எங்கேதான் இல்லை. அப்பாவையே போன் போட்டு, தண்ணீர் வடிந்ததா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். 'எல்லாம் ஏஐ' என்பவர்கூட மச்சான் சொன்னால் நம்பிவிடுவார்.

நூலகத்துக்கு வரும்போது பென்சில் கொண்டு வாருங்கள், நோட்டில் எழுதத்தான். குறிப்புதவிப் பிரிவுப் புத்தகத்தில் கோடு கீடு போட்டுவிடாதீர்கள். எங்கள் புறநானூற்றில் 18ஆம் பாட்டுக்கு ஏற்கெனவே யாரோ பச்சை மையில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்.